வலி போனால் நோய் போனதா?

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போகும் பெண்ணின் மனதில் வேறொரு விளக்கம் முன்னமே உட்கார்ந்திருக்கிறது. ஒன்று ‘வாயு’. இல்லையென்றால், ‘பிள்ளை பெத்த உடம்போட பச்சைத் தண்ணியில கை வச்சே, அதான்’ என்ற மாமியாரின் பேச்சு.

இரண்டாவதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தணிந்திருக்கும். பிரசவமான சில மாதங்களில் மறுபடி சீறும். சிலருக்கு நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவதே அப்போதுதான். மாமியார் கண்ணால் பார்த்தது சரி, கண்டுபிடித்த காரணம்தான் தப்பு. வாயு என்று நம்புகிறவள் உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் ஒதுக்குகிறாள். பச்சை உடம்புக் கோளாறு என்று நம்புகிறவள் தைலம் தேய்த்துக்கொண்டு, நாளானால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். மூட்டைக் காப்பாற்ற வேண்டிய முதல் சில மாதங்கள் இப்படியே போய்விடுகின்றன.

நோயாளிகளின் இப்படிப்பட்ட நம்பிக்கைகளை அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தால் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இது என்ன நோய், எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்ன செய்துவிடும், அடக்க முடியுமா என்ற ஐந்துக்கும் ஒவ்வொரு நோயாளியும் தனக்குள் பதில் வைத்திருக்கிறார், அதை வைத்தே நோயைச் சமாளிக்கிறார் என்றார் அவர். 45 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் இதற்கு வலுச் சேர்த்தது. நோய் தன் கட்டுக்குள் அடங்கும் என்று நம்பியவர்களிடம் இறங்கிச் செயல்படும் போக்கு தெரிந்தது. தீராத பெருங்கேடு என்று நம்பியவர்களிடம் ஒதுங்கிப் போகும் போக்கு தெரிந்தது.

நம் வீடுகளில் அதிகச் சேதம் செய்வது, எத்தனை நாள் என்ற கேள்விக்கான பதில்தான். முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். பலன் தெரிய ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். வலி மாத்திரையோ போட்ட கொஞ்ச நேரத்தில் விரலை மடக்க வைக்கும். ஆனால் மூட்டு அரிப்பை அது நிறுத்தாது. நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இரண்டையும் தன் கையாலேயே சோதித்துப் பார்க்கும் பெண் எதை நம்புவாள்? இதை அறியாமை என்பது அநியாயம். அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி வலி. அது போனதும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் நிறுத்திவிடுகிறாள். போதாததற்கு, அது புற்றுநோய்க்கும் தரும் மருந்து என்று யாராவது செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே தருவது மிகக் குறைந்த அளவு என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

வீட்டாரின் நம்பிக்கை இன்னொரு பக்கம். இந்த நோயில் விரல்கள் விறைத்துக் கிடப்பது விடியற்காலையில். தோசை ஊற்றவும் பிள்ளைக்குத் தலை பின்னவும் டிபன் டப்பா மூடவும் கை வேண்டிய நேரம் அதுதான். பத்துப் பதினோரு மணிக்கு மேல் கை இளகி அவள் நடமாடுவதைப் பார்ப்பவர்கள், ‘காலையில மட்டும் வலிக்குமாம்’ என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்து விடிவதற்குள் எழுந்து வெந்நீரில் கையை நனைத்துத் தயாராகிற பெண்களை நாம் பொறுமைசாலிகள் என்று பாராட்டுகிறோம். எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடில்லை.

கல்யாணமாகாத பெண் என்றால் நோயையே மறைக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். மருத்துவரிடம் பேசி, கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டிய மருந்து அது. கல்யாணத்துக்குப் பிறகும் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவள் யாரிடம் கேட்பாள்?

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். விரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வாதநோய் நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சீட்டு எழுதும் முன், ‘இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.