பாளையங்கோட்டை: இரு பண்பாடுகள் கலந்த காலனியக் கால நகரம்

பாளையங்கோட்டை, தாமிரபரணி ஆற்றின் கிழக்குக் கரையில், திருநெல்வேலிக்கு எதிரே அமைந்த நகரம். பேச்சுவழக்கில் பாளை. மேற்குக் கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய நகரம். கிழக்குக் கரையில் கோட்டை, படை, சிறை, மிஷன் பள்ளிகள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பெருத்த நகரம். 1994-இல் மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றோடு இவ்விரண்டும் ஒரே மாநகராட்சியாயின. ஆனாலும் எங்கள் சேரன்மகாதேவிப் பக்கத்தில் பேருந்து ஏறுபவர் இன்றும் டவுனுக்கா, ஜங்ஷனுக்கா, பாளைக்கா என்று பிரித்துத்தான் சீட்டு வாங்குவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழந்தமிழ்க் கோயில் நகரத்துக்கு டவுன் என்ற ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர் தங்கிய ஊர் பாளையம், கோட்டை என்ற பெயரையே வைத்துக்கொண்டது.

கோட்டை

பாளையக்காரர் போர்களில் கம்பெனிப் படைக்கு இவ்வூரே தளம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், அவர் தம்பி ஊமைத்துரை இங்கேதான் சிறைவைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தப்பிச் சென்றதும் இரண்டாம் போர் மூண்டது. பிற்காலத்தில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டன. எஞ்சிய வாசல் கட்டடம் ஒன்றில் காவல் நிலையம் இயங்கியதால் அதை மேடை போலீஸ் ஸ்டேஷன் என்றே ஊரார் அறிவர்.

குளோரிந்தா

பாளையங்கோட்டையின் கலப்பு, பாதிரியாரிடமிருந்து அல்ல, ஒரு கைம்பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் குடும்பத்துப் பெண் அவர். உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பது செவிவழிச் செய்தி. அந்த அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் கிறித்தவச் சமயத்தைக் கற்று, திருமுழுக்குக் கேட்டார். இருவரும் மணம் புரியாதவர்கள் என்பதால் ஜெர்மானியப் போதகர் ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின் 1778-இல் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா என்று பெயர் சூடினார். இந்துச் சமூகம் அவரை விலக்கியிருந்தது. கிறித்தவச் சபையும் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் கதவடைத்த பெண்தான் இங்கே முதல் சபையை நிலைநிறுத்தி, 1785-இல் கோயிலும் கட்டினார். மக்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். மதம் மாறிய பின்னும் சாதியைச் சொல்லியே அழைக்கிறது அந்தப் பெயர். அதில் மரியாதையும் இருக்கிறது, நம் சமூகத்தின் மறவாத நினைவாற்றலும் இருக்கிறது. நெல்லைச் சீமைக்காரரான அ. மாதவையா இவர் வாழ்க்கையை வைத்து 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு வரலாற்று நாவல் எழுதினார். நடந்த கதைக்கும் புனைந்த கதைக்கும் இடையே பாளையங்கோட்டை நடமாடுவது அது முதல்தான்.

ஐயரும் கோபுரமும்

1820-இல் இங்கு வந்த ரேனியஸ், பிரஷ்யாவில் பிறந்து ஆங்கிலச் சங்கம் ஒன்றின் சார்பில் பணியாற்றியவர். 1826-இல் முருகன்குறிச்சியில் அவர் எழுப்பிய திரித்துவ ஆலயத்தின் கூர்முனையைப் பார்த்த மக்கள் அதை ஊசிக் கோபுரம் என்றனர். கோபுரம் என்ற சொல்லைக் கடன் கொடுத்ததிலேயே அந்தக் கட்டடம் அந்நியம் நீங்கியது. போதகரை ஐயர் என்றனர்: ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப் ஐயர். பல சபைகளின் தொகுதி சேகரம் ஆனது. ஆலயத்தில் மணியடிப்பவர் கோயில்குட்டியார் ஆனார். திருமணத்தில் தாலி நின்றது, அதில் சிலுவை ஏறியது.

ரேனியஸ் தமிழைப் புலவரிடம் முறையாகப் பயின்றவர். 1832-இல் அவர் வெளியிட்ட பூமிசாஸ்திரம், தமிழில் வந்த முதல் புவியியல் பாடநூல்களுள் ஒன்று. தமிழ் இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்திய எனக்கு, ஐரோப்பியர் ஒருவர் உலகத்தின் கண்டங்களைத் தமிழ்ச் சொல்லில் அடக்க முயன்ற அந்த உழைப்பு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

எதிர்த் திசையிலும் ஓட்டம் இருந்தது. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், குற்றாலக் குறவஞ்சி வழங்கிய சீமையின் குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. கதை இங்கிலாந்துடையது, நடை கம்பனுடையது. மதம் மாறினாலும் செவி மாறவில்லை என்பதற்கு அந்தக் காப்பியத்தின் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள் சான்று.

பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகியதால் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டம் பாளைக்கு வந்தது. தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் ஆகிய கல்லூரிகளைச் சொன்னால் போதும். சாராள் தக்கர் இந்தியாவையே பார்த்ததில்லை. அவர் பெயரில் நெல்லைச் சீமைப் பெண்கள் பட்டம் பெற்றார்கள்.

பாலமும் பந்தியும்

1843 வரை இரு நகரங்களையும் இணைத்தது படகு மட்டுமே. படகில் முதலில் ஏறுவது யார் என்பதில் அடிதடி நடந்தது. கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் பாலத்துக்கான செலவைத் தாமே ஏற்றார். 50,000 ரூபாய் என்பது வழங்கிவரும் கணக்கு. இலண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டப்பட்ட அது இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆங்கிலேய வடிவம், தமிழர் பணம், எல்லாரும் நடக்கும் வழி.

ஆனால் ஒன்றாக நடப்பது வேறு, ஒன்றாக உண்பது வேறு. ரேனியஸ் சபைக்குள் சாதி வேற்றுமையை எதிர்த்தார். அது முற்றிலும் ஒழிந்ததென்று எவரும் சொல்ல முடியாது. ஆலயப் பண்டிகைகளில் நடக்கும் அசனம் என்ற பொதுவிருந்தில் சபையார் வரிசையாக அமர்ந்து ஒரே சோறு உண்பதன் அருமை அப்போதுதான் விளங்கும். பாளையின் மேற்கே சேரன்மகாதேவியில், வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தேசியக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டதே பெரும் பூசலாகி, வரதராசுலு நாயுடுவையும் பெரியாரையும் கிளர்ந்தெழச் செய்தது. ஐரோப்பியப் பாதிரிமார் பாளையில் எதிர்கொண்ட அதே பந்திக் கேள்வியைத் தேசியவாதிகள் இங்கே எதிர்கொண்டார்கள்.

இன்றைய பாளையில் தசரா நாளன்று ஆயிரத்தம்மனுடன் மற்ற அம்மன் சப்பரங்கள் அணிவகுக்கும். டிசம்பரில் ஊசிக் கோபுரத் தெருக்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். அச்சுமுறுக்கு இரண்டு வீட்டிலும் சுடப்படும்.