எண்ணெய்க்கு மான்யமா, இறைக்கும் கருவிக்கு மான்யமா?



"முன்னெல்லாம் சர்க்கார் டீசல் விலையைத் தாங்கிப் பிடித்தது. அதை ஏன் விட்டார்கள்? டீசல் மலிவானால் விளைச்சல் பெருகுமே, நாடும் முன்னேறுமே?" என்று எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கிற பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெளிநாட்டில் கச்சா எண்ணெய் விலை ஏறியபோதும் இங்கே டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு மூன்றையும் குறைந்த விலைக்கே விற்றார்கள். அந்த நஷ்டத்தை யாராவது ஏற்கத்தானே வேண்டும்? 2005 முதல் 2010 வரை மத்திய அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ரொக்கத்துக்குப் பதில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. தொகை 1,30,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடைசிப் பத்திரத்தின் தவணை 2026-ஆம் ஆண்டு. அப்பன் எரித்த டீசலுக்கு மகன் வட்டி கட்டின கதைதான். அதனால்தான் 2013 ஜனவரி முதல் மாதம் 50 காசு வீதம் விலையை உயர்த்தி, 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

அந்த மான்யம் யாருக்குப் போனது? லிட்டருக்கு 10 ரூபாய் மான்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 30 லிட்டர் எரிக்கிற சிறு விவசாயிக்கு 300 ரூபாய். 1,500 லிட்டர் எரிக்கிற லாரிக்கு 15,000 ரூபாய். எரிக்க எரிக்கத்தான் மான்யம். மிச்சம் பிடித்தவருக்கு ஒன்றும் இல்லை. மலிவு மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்றதும், எஞ்சின் கெட்டதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

புகையையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்வதால்தான் இவ்வளவு எடை. ஆகவே எண்ணெய் விலையைக் குறைத்துக் கொடுக்கிற மான்யம் சுத்தமான வளர்ச்சிக்கு உதவாது. அதற்காக ஏழை விவசாயியைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. உதவி வேண்டும், அது எண்ணெய்க்குப் போகாமல் கருவிக்குப் போக வேண்டும்.

2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் அந்த வழியில் வந்ததுதான். 7.5 குதிரைத்திறன் வரை சூரியசக்திப் பம்புசெட்டுக்கு மத்திய அரசு 30 சதம், மாநில அரசு குறைந்தது 30 சதம் என்று வகுத்தார்கள். மீதியில் ஒரு பகுதிக்கு வங்கிக் கடனும் உண்டு. மான்யம் ஒரு தடவைதான். அப்புறம் எரிபொருள் செலவே கிடையாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வெயில் இலவசம் என்று நாள் முழுக்க இறைத்தால் கிணறு வற்றிப் போகும். டீசல் செலவாகிறதே என்ற பயமாவது முன்பு கையைப் பிடித்து நிறுத்தியது. ஆகவே சொட்டுநீர்ப் பாசனத்தையும் சேர்த்தே போடுங்கள்.

இப்போது செய்யவேண்டியவை:

1. எஞ்சினே வைத்திருப்பவர்கள் புட்வால்வு ஒழுகுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் வீணாவதும் உங்கள் டீசல்தான்.

2. குழாயில் தேவையில்லாத வளைவுகளை எடுத்துவிடுங்கள்.

3. மின் இணைப்பு இல்லாதவர்கள், கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா என்று பார்த்த பிறகு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் சூரியசக்திப் பம்புசெட் பற்றியும் இப்போதைய மான்ய விகிதம் பற்றியும் கேளுங்கள்.

எரித்தால் தீர்ந்துபோகிற எண்ணெய்க்குப் போகும் பணத்தைவிட, வயலில் நிலைத்து நிற்கிற கருவிக்குப் போகும் பணமே நம் பிள்ளைகளுக்கும் உதவும்.