மாறுபடக் கூறல்

மதம் என்னுஞ் சொல் இன்று பெரும்பாலும் சமயத்தையே குறிக்கின்றது. பழைய இலக்கண நூலார்க்கு அது கொள்கை எனப் பொருள்பட்டது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழென வகுத்தார். பிறர் கூறியதற்கு உடன்படுதல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. மூன்றாவதனையே நாம் ஈண்டு மாணவர்க்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம். அது பிறர் கொள்கைக்கு முன்னர் உடன்பட்டுப் பின்னர் அதனைக் களைதல்.

வெறுமனே மறுத்தல் எவர்க்கும் எளிது. வகுப்பறையில் நாடோறுங் காண்கின்றோம். எதிர்க்கட்சியைச் செவ்வையாக அறிந்து மறுப்பதே அரிது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தின் வலிமைக்கு அப்பயிற்சியே காரணமென்பது நம் துணிபு.

இனி நம் கரைக்கு வருவோம். உடப்பிற் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடி ஒருமுகமாய் இழுத்தாலன்றி வலை கரையேறாது. இவ்வாறு ஒருமித்தலின் அருமையறிந்த கடற்கரை மக்களே, கற்பிட்டிக் குடாநாட்டு நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் அமைக்க அரசு எண்ணியபோது மாறுபட்டு நின்றனர். 1996 இலும் 2001 இலும் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு மின்வெட்டால் வருந்திற்று. நிலக்கரி வேண்டுமென்பதே பெருங்கருத்தாயிற்று. அதற்கு மாறாகப் பேசுவோர் முன்னேற்றத்தின் பகைவராக எண்ணப்பட்டனர்.

அவர் சொன்னவை யாவை? கரித்தூளும் சாம்பலும் காற்றோடு பரவும். கடலில் விடப்படும் வெந்நீர் மீன்வளத்தைக் கெடுக்கும். தலவில புனித அன்னம்மாள் ஆலயச் சூழலின் அமைதி குலையும் என்பன. மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையாரும் இவ்வாறு கூறினர். ஊர்வலத்தில் எழுந்த முழக்கமெல்லாம் மூன்றாம் மதத்தைச் சார்ந்தவை என நாம் சொல்லோம். கூட்டத்தில் வெறும் மறுப்பும் கலந்திருக்கும். ஆயினும் அவர் வாதத்தின் உட்கிடையை நோக்கின், மின்சாரம் நாட்டுக்கு வேண்டுவதே, அதன் விலையை ஒரு கரையார் மட்டும் கொடுப்பதேன் என்பதாகவே அது நமக்குப் படுகின்றது. இவ்வினாவுக்கு விடை கூறுதல், அவரை நாட்டுப்பற்றிலார் என இகழ்வதினும் கடினம்.

ஐந்தாவது மதம், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல். அரசு துணிந்தது, 2006 இல் வேலை தொடங்கிற்று. 2011 இல் முதலாவது இயந்திரம் 300 மெகாவாட் வலுவுடன் இயங்கலாயிற்று. 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட்டாயின. நாட்டு மின்சாரத்தின் பெரும்பங்கு அங்கிருந்து வருகின்றது. இக்கட்டுரையை எழுத நமக்கு ஒளிதரும் விளக்கும் அதனாலேயே எரிகின்றது போலும்! காற்றடிக்குங் காலத்தில் தோட்டங்களிற் சாம்பலும் கரித்தூளும் படிகின்றன என அயலூர்க் கமக்காரர் அதன் பின்னர் முறையிட்டனர். முன்னர் மாறுபட்டோர் சொன்னவற்றுள் முதலாவது அதுவே.