இருதயத்தினுள் ஒரு கட்டி

நம் காஞ்சீபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாதுரை 1969-ல் புற்றுநோயால் காலமானார். அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி ஊரையடுத்த காரைப்பேட்டையில் இருக்கிறது. "ஸார், இருதயத்திலும் புற்று வருமா?" என்று மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான்.

வரும், ஆனால் வெகு அபூர்வம். வேறு அங்கத்திலிருந்து பரவி வந்து சேருவதே அதிகம். இருதயத்திலேயே முளைக்கும் கட்டிகளில் சுமார் முக்கால் பங்கு சாதுவானவை. கொடியவற்றுள் முதன்மையானது 'ஆஞ்சியோசார்கோமா'. பெரும்பாலும் வலது மேலறையைப் பற்றும். மூச்சு வாங்கும், கால் வீங்கும். நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்த அலுப்பு என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். சங்கடமே அங்குதான்!

1953-ல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் காதுக்கெட்டாத ஒலியை மார்பினுள் செலுத்தி, அதன் எதிரொலியால் இருதயத்தின் அசைவைப் பதித்தார்கள். இன்றும் அந்த எக்கோவே முதற் பரீட்சை. கட்டி காம்பில் ஆடுகிறதா, சுவரை ஊடுருவியிருக்கிறதா, இருதய உறையில் நீர் கோத்திருக்கிறதா என்று அது காட்டும்; கட்டியின் ஜாதியைச் சொல்வது அதற்குக் கடினம். எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி போகும். நரம்பில் மருந்தேற்றிப் படமெடுத்தால், ரத்தவோட்டமற்ற உறைகட்டி பெரும்பாலும் கறுத்தே நிற்கும்; புற்று மருந்தை வாங்கி ஒளிரும். ஆயினும் முடிவான தீர்ப்பு சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே. கண்டுபிடிக்கும் வேளைக்குப் பலருக்கு அது நுரையீரலுக்கும் போயிருக்கும் என்பதால், மார்பை சி.டி. படமும் எடுத்துவிடுகிறார்கள்.