ஏரிகளில் நடந்த பங்காளிச் சண்டை

1958 ஜூனில், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் ஹியூ என்ட்ராப் என்பவர் மணிக்கு 107.8 மைல் வேகத்தில் ஒரு சிறு படகை ஓட்டி, பின்புறம் எஞ்சின் தொங்கும் படகுகளில் உலக சாதனை படைத்தார். நம் கணக்கில் 173 கிலோமீட்டர். படகின் பின்னால் மாட்டியிருந்தது மெர்குரி எஞ்சின். இரண்டு வருடம் கழித்து, 1960 மார்ச்சில் அதே என்ட்ராப் 114.6 மைலைத் தொட்டார். இப்போது எஞ்சின் மெர்குரியின் பரம எதிரியான எவின்ரூடுடையது. படகுக்கு வைத்த பெயர் 'ஸ்டார்ஃப்ளைட்'; எவின்ரூட் கடைகளில் விற்பனைக்கு இருந்த எஞ்சினின் பெயரும் அதுவே! மெர்குரி சும்மா இருக்குமா? மே மாதமே பர்ட் ராஸ் என்ற ஓட்டுநரைக் களமிறக்கி 115.5 மைல் என்று சாதனையைத் திருப்பி எடுத்தது. செப்டம்பரில் என்ட்ராப் 122.9 மைல் ஓட்டி வாயை அடைத்தார்.

அரசியலில் இதைக் கட்சி தாவல் என்போம். மோட்டார் படகுப் பந்தயத்தின் வரலாற்றில் இது வாடிக்கை.

சண்டையின் மூலம் அவுட்போர்டு எஞ்சின். நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளின் பின்புறம் தொங்குகிறதே, அதே ஜாதிதான். இதை அமெரிக்காவில் வியாபாரப் பொருளாக்கி நிலைநிறுத்தியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்தவர். 1909ல் விற்கத் தொடங்கினார். மனைவி பெஸ்ஸின் உடல்நிலை மோசமானதால் சில வருடங்களில் கம்பெனியைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். பிறகு மனம் கேட்காமல் 'எல்டோ' என்ற புது எஞ்சினுடன் வந்து, தன் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்த கம்பெனிக்கே போட்டியாளரானார். 1929ல் இரண்டும் இணைந்தன. ஓலே 1934ல் இறந்தார். அடுத்த ஓரிரு வருடங்களில் ஜான்சன் கம்பெனியும் சேர்ந்துகொள்ள, ஓ.எம்.சி. என்ற பெரிய குழுமம் உருவானது. எவின்ரூட், ஜான்சன் இரண்டையும் ஒரே முதலாளி தயாரித்து, வேறு வேறு வண்ணம் பூசி வேறு வேறு கடைகளில் விற்ற காலம் அது.

அந்த மில்வாக்கியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, சீடர்பர்க் என்ற சிற்றூரில், 1939ல் கார்ல் கீக்ஹேஃபர் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே சுமார் 300 அவுட்போர்டு எஞ்சின்கள் கிடந்தன. சரியாக ஓடவில்லை என்று மான்ட்கமரி வார்டு என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் திருப்பி அனுப்பிய சரக்கு. கீக்ஹேஃபர் அவற்றைப் பழுது பார்த்து அதே நிறுவனத்துக்கே விற்றார். எஞ்சின் தொழிலே வேண்டாம் என்றிருந்தவரை அந்த விற்பனை இழுத்துவிட்டது. மறு வருடமே 'மெர்குரி' பிறந்தது.

போருக்குப் பிறகு ஓ.எம்.சி. குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போகிறவர்களை நம்பியது; மெர்குரி பந்தயக்காரர்களை. 1947ல் வந்த மெர்குரி 'லைட்னிங்' எஞ்சினில் 10 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தது. உண்மையில் அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பெரிய எஞ்சின்களை இந்தப் 'பத்து' முந்தினால், திங்கட்கிழமை கடைக்காரருக்கு வேறு விளம்பரம் எதற்கு?

கீக்ஹேஃபர் கோபக்காரர், சந்தேகப் பிராணி. எதிராளி வேவு பார்க்கிறான் என்ற பயத்தில், 1957ல் ஃபுளோரிடாவின் காட்டுக்குள் ஒரு முழு ஏரியையும் சுற்றுநிலத்தையும் வசப்படுத்தி, அதன் பெயரைக்கூட வெளியில் சொல்லாமல் 'எக்ஸ் ஏரி' என்றே அழைத்தார். அங்கே மார்க் 75 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சினை 50,000 மைல் ஓட்டிக் காட்டினார். உலகை இருமுறை சுற்றும் தூரம். இரவு பகலாக ஓட்டுநர்கள் மாறினார்கள். பக்கத்திலேயே ஓடும் படகிலிருந்து பெட்ரோல் ஏற்றினார்கள். மோட்டார் பந்தய அமைப்பின் அதிகாரிகள் கரையில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். ரகசிய ஏரி வைத்திருந்தவருக்கு வெளிச்சாட்சி தேவைப்பட்டதுதான் வேடிக்கை.

நிலத்தையும் அவர் விடவில்லை. நாஸ்கார் கார் பந்தயத்தில் கிறைஸ்லர் கார்களை இறக்கி 1955, 1956 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார். 1956ல் தொடர்ந்து பதினாறு பந்தயங்கள் அவர் அணிக்கே. அளவுக்கு மீறி ஜெயித்ததில் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்க்க, அந்த வருடத்தோடு மூட்டை கட்டினார்.

ஆனால் அவரைப் பெரிதும் காயப்படுத்தியது ஆட்கள் போனதுதான். மெர்குரியில் வேலை பார்த்த ஜிம் வின், எஞ்சினைப் படகுக்கு உள்ளேயும் விசிறியை வெளியேயும் வைக்கும் ஸ்டெர்ன் டிரைவ் அமைப்பை வெளியே வந்து வால்வோவுக்குக் கொடுத்தார். 1959ல் வால்வோ அதை நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தது. அதே யோசனையில் பங்கு உள்ளவர் மெர்குரியின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் ஸ்ட்ராங். கீக்ஹேஃபரின் வலது கையாக இருந்த அவர் 1966ல் ஓ.எம்.சி.க்குப் போய், பிற்பாடு அதன் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தார். கீக்ஹேஃபரோ 1961ல் கம்பெனியை பிரன்ஸ்விக் நிறுவனத்திடம் விற்று, 1970ல் தான் வளர்த்த மெர்குரியைவிட்டே வெளியேறியிருந்தார்.

இந்தச் சண்டையில் மூன்றாவது ஆளும் உண்டு. தன் அவுட்போர்டு எஞ்சின்களைச் சோதிக்க இடம் தேடி அரிசோனாவின் ஹவாசு ஏரிக்கு வந்த ராபர்ட் மெக்கல்லக், அங்கே ஒரு நகரத்தையே உருவாக்கினார். நகரத்துக்குக் கவர்ச்சி வேண்டுமென்று 1968ல் பழைய லண்டன் பாலத்தை 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்தார். எஞ்சின் விற்றதைவிட அவருக்குப் பாலமே அதிகப் புகழ் கொடுத்தது.

கிழவர்கள் ஒதுங்கினாலும் பகை ஒதுங்கவில்லை. 1981ல் ஃபார்முலா ஒன் படகுப் பந்தயம் உலகப் பட்டமாக அறிவிக்கப்பட்டபோது ஓ.எம்.சி. 3.5 லிட்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. மெர்குரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இத்தாலியரான ரெனாட்டோ மொலினாரி 1981, 1983, 1984 பட்டங்களை அள்ளினார். வி8 கையில் இல்லாதவர்கள் ஒன்றுகூடி, டேவிட் பார்க்கின்சன் முன்னின்று நடத்த, இரண்டு லிட்டர் எஞ்சின்களுக்குத் தனித் தொடர் தொடங்கினார்கள். ஒரே விளையாட்டுக்கு இரண்டு கட்சி. 'ஃபார்முலா ஒன்' என்ற பெயர் மட்டும் ஓ.எம்.சி. பக்கம் தங்கியது.

இரண்டு லிட்டர்காரர்கள் சொன்ன முக்கியக் காரணம் உயிர்ப் பயம். அது உண்மை, மெர்குரியின் வியாபாரத்துக்கு அது தோதாக இருந்ததும் உண்மை. இந்தப் படகுகளுக்கு இரண்டு அடிப்பாகங்கள், நடுவில் சுரங்கம் போன்ற இடைவெளி. அதில் புகும் காற்று படகைத் தூக்கிவிடுவதால் தண்ணீரின் இழுப்பு குறைகிறது, வேகம் கூடுகிறது. முன்மூக்கு கொஞ்சம் அதிகமாக எழும்பினால் போதும், காற்று அடியில் புகுந்து படகைப் பின்பக்கமாகப் புரட்டிவிடும். ஓட்டுநருக்கு அப்போது இருக்கைப் பட்டைகூடக் கிடையாது. தூக்கி எறியப்படுவதே மேல் என்று நம்பினார்கள். 1984ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிரிட்டன் வீரர் டாம் பெர்சிவல் பலியானார். இத்தகைய சாவுகளுக்குப் பிறகே, படகு சிதறினாலும் ஓட்டுநரைக் காக்கும் உறுதியான கூட்டை கிறிஸ் ஹாட்ஜஸ் வடிவமைத்தார்.

வி8 தொடர் 1986ல் முடிந்தது. 1990ல் ஃபார்முலா ஒன் என்ற பெயர் இரண்டு லிட்டர்காரர்களிடமே வந்து சேர்ந்தது. ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. அதன் எஞ்சின் தொழிலை பொம்பார்டியர் வாங்கியது. 2020ல் எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பும் நின்றது. 2018 நவம்பரில் ஃபார்முலா ஒன் படகுகள் ஆந்திராவின் அமராவதிக்கு வந்து கிருஷ்ணா நதியில் சீறியபோது, பெரும்பாலானவற்றின் பின்னால் இருந்தது மெர்குரி.