காற்று கைவிடும் உயரம்

பயணிகள் விமானங்கள் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், சோவியத் நாட்டின் சோதனை விமானி அலெக்சாண்டர் ஃபெடோட்டோவ் அதைப்போல் மும்மடங்கு உயரத்தை எட்டினார். மிக்-25 ரகப் போர் விமானத்தை மேம்படுத்தி உருவாக்கிய விமானத்தில் அவர் தொட்ட உயரம் 37,650 மீட்டர்.

அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, தரைமட்டத்தில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், இறக்கைகள் விமானத்தைத் தாங்கவும் ஜெட் இயந்திரம் எரிபொருளை எரிக்கவும் காற்று தேவை. அப்படியானால், விமானம் அங்கே எப்படிச் சென்றது?

மேல்நோக்கி எறியப்படும் கல்லை நினைத்துப் பாருங்கள். கையை விட்டு நீங்கிய பிறகு அதை எதுவும் தள்ளுவதில்லை. பெற்ற வேகமே அதை உயர்த்துகிறது. விமானியும் இதே முறையைக் கையாளுகிறார். முதலில், இயந்திரம் நன்கு இயங்கக்கூடிய உயரத்தில், ஒலியைவிட இருமடங்குக்கும் அதிகமான வேகத்தைப் பெறுகிறார். பிறகு விமானத்தின் மூக்கை மேல்நோக்கித் திருப்புகிறார். வேகம் குறையக் குறைய உயரம் கூடுகிறது. உச்சியை அடைந்ததும் விமானம் வளைந்து கீழிறங்கத் தொடங்குகிறது.

இப்பயணம் உடலுக்கும் ஆபத்தானது. ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு மேல் காற்றழுத்தம் மிகக் குறைவு. அங்கே நீர், மனித உடலின் வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஆகவே, விமானி சிறப்பு அழுத்த உடை அணிந்தே செல்ல வேண்டும்.

மெல்லிய காற்றில் இன்னோர் இடரும் உண்டு. வால்பகுதியின் அசையும் தகடுகள் காற்றைத் தள்ளித்தான் விமானத்தைத் திருப்புகின்றன. காற்று போதாவிட்டால் அவை பயன்படா. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்க விமானி சக் யேகர் இதை நேரில் உணர்ந்தார். ஒலியின் வேகத்தை முதன்முதலில் மிஞ்சிப் பறந்தவர் அவர். அன்று அவர் ஓட்டிய என்எஃப்-104 விமானத்தில், மெல்லிய காற்றிலும் திசைதிருப்ப உதவும் சிறு உந்திகள் இருந்தன. இருந்தும், 30 கிலோமீட்டருக்கு மேல் சென்ற அவ்விமானத்தின் மூக்கு கீழே தாழவில்லை. விமானம் சுழன்றபடி விழுந்தது. யேகர் இருக்கையோடு வெளியேறித் தீக்காயங்களுடன் உயிர் தப்பினார்.

கல் செல்லும் பாதை, அது கையை விட்டு நீங்கும்போதே முடிவாகிவிடுகிறது. இத்தகைய விமானப் பயணமும் பெரும்பாலும் அப்படித்தான். உச்சியில் விமானி செய்யக்கூடியது மிகக் குறைவு. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் ஏறுவது என்று கீழேயே அவர் செய்யும் துல்லியமான கணிப்புதான் அவரைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டு வருகிறது.