வாயில்லா ஜீவனின் வலி

வயல் வரப்பில் பாம்பு தீண்டியவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறோம். அங்கே ஏற்றப்படும் நச்சுமுறிவு மருந்து அவரது உயிரைக் காக்கிறது. அம்மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அது குதிரை தந்த கொடையாகும்.

1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கால்மெத் வகுத்த வழியே இன்றும் தொடர்கிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தோன்றியது. இது போன்ற இடங்களில் சேகரிக்கப்படும் நஞ்சு, சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. எதிர்ப்புப் பொருள் உருவானதும் கழுத்து இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுக்கின்றனர். ஒரு குதிரை தன் வாழ்நாளில் எத்தனை முறை ஊசி முனையைச் சந்திக்க நேரிடும்!

ஈ அமர்ந்தாலே தோலைச் சிலிர்த்து உதறும் அளவுக்குக் கூரிய உணர்வுடையது குதிரை. அதன் நினைவாற்றலும் மிகுதி. ஒருமுறை முரட்டுத்தனமாகக் குத்தப்பட்ட குதிரை, மறுமுறை சிரிஞ்சைக் கண்டதுமே மிரளும், உதைக்கும். ஆகவே வலியைக் குறைப்பது இரக்கம் மட்டுமன்று. அருகில் நிற்போருக்குப் பாதுகாப்பும் ஆகும்.

வலியைக் குறைக்கும் வழிகள்

மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியைத் துளைத்த ஊசி கூர் மழுங்கும். எனவே மருந்தை உறிஞ்சிய பின் புதிய ஊசியை மாற்ற வேண்டும். தடவிய ஸ்பிரிட் உலர்ந்த பின்னரே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசி போடலாகாது.

லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பை, மயிர் நீக்கிய இடத்தில் தடவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தால் தோல் மரத்துப் போகும். தடித்த ஊசியைச் செலுத்துமுன், மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்தைத் தோலடியில் இடுவதும் உண்டு. இவற்றைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை அதன் கண்ணுக்குத் தெரியா. ஆதலால் குரல் கொடுத்தவாறு தோள்புறமாக அணுகுவதே முறை. காதை முறுக்கிப் பிடிக்கும் பழைய வழக்கம் அச்சத்தையே வளர்க்கும். அதைவிட, ஊசி போடாத நாட்களிலும் சிரிஞ்சைக் காட்டி, கழுத்தைத் தடவி, ஒரு துண்டு கேரட்டைக் கொடுத்துப் பழக்குவது மேல். நாளடைவில் அச்சம் அகலும்.

முகமே மொழி

குதிரை வலியைச் சொல்லாது, ஆனால் காட்டும். 2014-ல் ஆய்வாளர்கள் அதன் முகக்குறிகளை வகைப்படுத்தி வெளியிட்டனர். காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்புதல், கண்ணுக்கு மேலுள்ள தசை இறுகுதல், வாயும் நாசியும் இறுக்கமடைதல் ஆகியவை அவற்றுள் சில. இக்குறிகளைக் காணும்போது கையைச் சற்றே நிறுத்துவது அறிவுடைமை.

நம் உயிருக்காகத் தன் இரத்தத்தைத் தரும் அந்த ஜீவனுக்கு, ஒரு புதிய ஊசியும் ஒரு மணி நேரப் பொறுமையும் தருவது பெரிய விலையா?